விளிம்புக்கு அடியில் பஞ்சு

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பணக்காரர்கள். படியேறி முடிப்பதற்குள் வீட்டுக்கு மாடி எழுப்பி, கார் வாங்கி, பிடிக்காத மேலாளரின் முகத்தில் ராஜினாமாவையும் வீசியிருப்பார்கள். கையில் ஒரு நாணயம் இருக்கும். மளிகைக் கடையிலோ பேருந்திலோ மீதிச் சில்லறையாக வந்தது. எவனோ ஒருவன் கைப்பேசியில் வீடியோ போட்டிருப்பான், நாணயத்தில் இன்ன ஆண்டு, இன்ன பிழை இருந்தால் வீடு தேடி வந்து அள்ளிக் கொடுப்பார்கள் என்று. ஏறி வந்தவர்களை அதே படியில் பத்திரமாக இறக்கிவிடுவது என் தொழில்.

நாணயம் வாங்கி விற்பதும் உண்டு. ஆனால் பார்த்துச் சொல்வதற்கு வாங்குகிற சின்னக் கட்டணத்தில்தான் வாடகை ஓடுகிறது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை, நேர் வெயில் விழாத ஜன்னல், அதை ஒட்டி மேசை. மேசையில் கறுப்புத் துணி ஒட்டிய தட்டு, சின்னத் தராசு, காந்தம், விட்டமும் தடிமனும் அளக்கும் கருவி, பூதக்கண்ணாடி, ஒரு டப்பா நிறையப் பல்குச்சி. பல்குச்சி எதற்கு என்று கேட்காத ஆளில்லை. இரும்பு ஊசியால் தொட்டால் நாணயத்தில் கீறல் விழும். மரக்குச்சி அழுக்கை மட்டும் எடுக்கும். எதைக் கையில் கொடுத்தாலும் ஒரு குச்சியை எடுத்து ஓரத்தை நோண்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். கல்யாண விருந்தில் கரண்டியை நோண்டிக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

உதவிக்கு அவளுடைய தம்பி இருக்கிறான். இணையத்தில் படம் போட்டு விற்பது அவன் பொறுப்பு. எதைப் பார்த்தாலும் லட்சம் போகும் என்பான். அதனால் அவன் பெயரே லட்சம் ஆகிவிட்டது. இதுவரை ஆயிரத்தைத் தாண்டி அவன் எதையும் விற்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். இது வெறும் காசு, மதிப்பில்லை என்று சொன்னால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். நான் ஏதோ காதில் பூ சுற்றுகிறேன், அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்க்கிறேன் என்று நினைப்பார்கள். ஆனால் அது எப்படி அந்தக் கோலத்துக்கு வந்தது என்று சொல்லிவிட்டால் அடங்கிவிடுவார்கள். தண்டவாளத்தில் வைத்தது, அமிலத்தில் போட்டது, வாலிபப் பையன்கள் பட்டறையில் துளை போட்டுப் பார்த்தது. காரணம் கிடைத்துவிட்டால் மனிதனுக்கு ஏமாற்றம்கூடப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதனால் மதிப்பில்லாத எந்த நாணயத்தையும் காரணம் சொல்லாமல் நான் திருப்பிக் கொடுப்பதில்லை.

அந்தப் பெண் வந்தது ஒரு மழை நாளில். நாற்பதை நெருங்குகிற வயது. குடையை வாசலிலேயே மடக்கி, சொட்டுகிற தண்ணீர் தரையில் படாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். காகிதக் கைக்குட்டையில் சுற்றியிருந்த நாணயத்தைத் தட்டில் வைத்தாள்.

"சார், இது மதிப்பு உள்ளதா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க. சுத்தி வளைக்க வேணாம்" என்றாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நாணயத்தோடு கதையும் வரும். கதைக்கு எடை கிடையாது என்பதால் நான் பாதிக் காதில்தான் கேட்பேன். அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் துணி மடிக்கிறாள். அவளுடைய தங்கையும் அங்கேயேதான் இருந்தாள், நோயாளிகளின் அழுக்கு அங்கிகளைப் பிரித்துப் போடுகிற இடத்தில். ஆறேழு மாதத்துக்கு முன்னால் ஒரு நோயாளி தன் மோதிரத்தை அங்கிப் பையில் போட்டு மறந்துவிட்டார். அந்த அங்கியைக் கடைசியாகக் கையில் எடுத்தவள் தங்கை. மோதிரம் கிடைக்கவில்லை. போலீசுக்குப் போகவில்லை, நல்ல மனசு, அவளை வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளை வேறு எந்த மருத்துவமனையும் விடுதியும் சேர்த்துக்கொள்ளவில்லை. எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் அந்தப் பேச்சு போய் உட்கார்ந்திருக்கிறது. மோதிரமோ அதன் விலையோ வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வதாகச் சலவைப் பிரிவின் தலைவர் சொல்லியிருக்கிறார். தங்கையோ, எடுக்காத பொருளுக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்கிறாள். அக்கா வீட்டில்தான் இருக்கிறாள், இப்போது யாரோடும் பேசுவதில்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அவ்வளவுதான்.

அந்த நாணயம் மருத்துவமனை வாசலில் இருக்கிற டீக்கடையில் மீதியாகக் கிடைத்தது. வழக்கத்தைவிடச் சின்னது, ஓரம் கரை கட்டின மாதிரி தடிமன். இப்படி ஒன்று வீடியோவில் வந்ததாம். இதை விற்று மோதிரக் கணக்கைத் தீர்த்துவிட்டால், தங்கைக்குத் தெரியாமலேயே அவளை வேலையில் சேர்த்துவிடலாம் என்பது இவளுடைய எண்ணம்.

லட்சம் எட்டிப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

எடை போட்டேன். ஒழுங்கான நாணயத்தைவிட ஒரு மயிரிழைதான் குறைவு. விட்டத்தை அளந்தேன், நன்றாகவே குறைந்திருந்தது. ஓரத்தில் தடிமன் கூடியிருந்தது. அதாவது உலோகம் எங்கேயும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. நாணயச் சாலையில் தப்பான தகட்டில் அடித்திருந்தால் எடை இப்படி ஒத்துப்போகாது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விளிம்பு சப்பாத்தி ஓரம் மாதிரி உள்பக்கமாக மடிந்து, எழுத்துகளின் கால்களை விழுங்கியிருந்தது. பக்கவாட்டில் அடுத்தடுத்துச் சின்னச் சின்னத் தட்டல்கள், கணக்கே இல்லை. முகப்பில் எல்லாத் திசையிலும் மெல்லிய உரசல். குச்சியை எடுத்து மடிந்த விளிம்புக்கு அடியில் ஓட்டினேன். அங்கே இறுகிப்போன சாம்பல் நிறப் பஞ்சு இருந்தது. ஒரு நூல் உருண்டையாக அதை வெளியே எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"இது அச்சடிக்கும்போது ஆன பிழை இல்லம்மா. நல்லாத்தான் அடிச்சிருக்காங்க. பின்னாடி அடி வாங்கியிருக்கு."

"யார்கிட்ட?"

"துணி உலர்த்துற மெஷின்கிட்ட."

அவளுக்கே தெரிந்த மெஷின் என்பதால் விளக்குவது சுலபமாக இருந்தது. டிரம்முக்கு உள்ளே துணியைப் புரட்டிவிட நீளமான தகடுகள் இருக்கும். தகட்டுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடுக்கு உண்டு. பையில் மறந்துவிட்ட காசு அதில் போய் விழும். துணி சுற்றும்போதெல்லாம் அதுவும் நின்ற வாக்கில் உருண்டு உருண்டு அடிபடும். மாதக் கணக்கில் அடிபட்டால் ஓரம் இப்படி மடிந்துகொள்ளும். உலகம் முழுக்க இதைப் புதையல் என்று தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். கடையில் கொடுத்தால் செல்லும், அதன் மதிப்புக்கு. அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றேன்.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வரும். வரவில்லை. அவள் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது தானா வெளிய வந்து விழுமா சார்?"

"விழாது. இந்த அளவுக்கு வந்தப்புறம் யாராவது டிரம்மைக் கழட்டினாத்தான்."

"மோதிரம் விழுந்தாலும் இப்படித்தான் ஆகுமா?"

"தங்கம்னா இன்னும் சீக்கிரம் ஆகும். மென்மையான உலோகம் இல்லையா."

இதைச் சொல்லும்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்கிற சந்தோஷத்தில் இருந்தேன். அவள் நாணயத்தைப் பழையபடி சுற்றிப் பைக்குள் வைத்தாள். கட்டணத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள். குடையை எடுக்க மறந்து படி வரை போய்த் திரும்பி வந்தாள்.

"எங்க மெஷினைக் கழட்டுறது ஒரே ஆள்தான் சார்" என்றாள். யாரென்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், "எங்க வீட்டுக்காரர்."

டீயோடு வந்த லட்சம், அந்தக் காசை வாங்கிப் போட்டீர்களா அத்தான் என்று கேட்டான். நான் அவனைத் திட்டினேன். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை, எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

மறுநாளே அந்த வீட்டுக்காரர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். மருத்துவமனை மெஷின்களுக்கெல்லாம் மெக்கானிக். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, லட்சத்தின் காதில் விழாத குரலில் பேசினார். நேற்று ராத்திரி வீட்டில் சோறு இறங்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவருக்கு வேண்டியது சின்ன உதவிதான். அந்த நாணயம் வேறு விதத்திலும் அப்படி ஆகியிருக்கலாம் என்று நான் அவருடைய மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"வேற எந்த விதத்துலயும் ஆகாது" என்றேன்.

"ஆகலாம்னு சொல்றதுல உங்களுக்கு என்ன சார் நஷ்டம்?"

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு இருக்கிற ஒரே சொத்து என் வாக்குதான், அதை இந்த ஆள் கடன் கேட்கிறானே என்று. காசு விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை என்று சொல்லி, எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். போகிற ஆளாக அவர் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, தட்டில் கவிழ்த்தார்.

மஞ்சளாக ஒரு கட்டி விழுந்தது. கோணிப்போன வளையம். இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு, நடுவில் விரல் போகிற இடம் அடைந்து, பார்த்தால் பித்தளை வாஷரை யாரோ மிதித்துவைத்த மாதிரி இருந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதினால் நீளும். மூன்று மாதத்துக்கு முன்னால் பேரிங் மாற்ற டிரம்மைக் கழற்றினார். இடுக்கிலிருந்து கொஞ்சம் காசு, பொத்தான், ஊக்கு, இது எல்லாம் கொட்டின. நல்லதாகத் தெரிந்த காசுகளை டீக்கடையில் கொடுத்தார், அது எப்போதும் நடப்பதுதான். இதை வாஷர் என்று நினைத்துக் கருவிப் பெட்டியில் போட்டார். வீட்டில் வந்து தரையில் உரசிப் பார்த்தபோதுதான் தங்கம் என்று தெரிந்தது. அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் மச்சினி எடுத்துக் கொடுத்தாள், மாட்டிக்கொள்ளாமல் இருக்க மாமன் இத்தனை மாதம் கழித்துக் கண்டுபிடித்தமாதிரி நாடகம் ஆடுகிறான் என்று சொல்வார்களே. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

"நான் எடுக்கலை சார். மெஷின் எடுத்துச்சு" என்றார்.

பயந்தது உண்மைதான் என்று தோன்றியது. ஆனால் அடுத்ததாக, உருக்கினால் இது எவ்வளவு தேறும் என்று கேட்டார். பயம் பாதி, ஆசை பாதி என்று புரிந்துகொண்டேன். அந்த வீட்டில் ஒரு பெண் பேசாமல் சாப்பிட்டுப் பேசாமல் தூங்குகிறாள். அவள் சாப்பிடுகிற அதே மேசையில் இவரும்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் செய்ததையும் சொல்ல வேண்டும். அவரைத் திட்டிக்கொண்டே அந்தக் கட்டியைக் கையில் எடுத்திருக்கிறேன். தராசில் போட்டிருக்கிறேன், பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அதே தட்டல்கள், அதே மடிப்பு. குச்சியால் ஓரத்தைச் சுற்றி ஓட்டி, பஞ்சை எல்லாம் எடுத்து, சுருளுக்கு உள்ளே ஒளிந்திருந்த ஓர் எழுத்தின் பாதியைக்கூடக் கண்டுபிடித்துவிட்டேன். வாய் தன் பாட்டுக்குப் பேச, கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. முடித்தபோது தட்டில் கொஞ்சம் சாம்பல் பஞ்சும், பளிச்சென்று ஒரு மோதிரக் கட்டியும் இருந்தன. பஞ்சை ஊதித் தள்ளினேன்.

"எடுத்த இடத்துலயே கொண்டு போய் வைங்க" என்றேன். "உங்க தலைவரைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டு டிரம்மைக் கழட்டுங்க. அவர் கண்ணு முன்னாடியே விழட்டும்."

நியாயமான யோசனை என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஆள் என் அறையை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. அவர் கட்டியை டப்பாவில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். பிறகு நான் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

சொன்னபடியே நடந்தது. ஒரு வாரம் போல் இருக்கும், அக்காக்காரி வந்தாள். உட்காரவில்லை. மோதிரம் டிரம்மிலிருந்து விழுந்ததைத் தலைவரே பார்த்தார் என்றும், உரியவர்கள் உள்ளே இருந்த எழுத்தை வைத்து அடையாளம் சொல்லிவிட்டார்கள் என்றும், தங்கையைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார்கள் என்றும் சொன்னாள். நாணயம் பார்க்கிறவர் ஒருவர் சொன்னதைக் கேட்டுத் தான்தான் மெஷினைப் பார்க்கச் சொன்னதாக வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள். பல்குச்சி, பஞ்சு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாளாம், நம்ப வேண்டுமே. விடுமுறை நாளில் வந்து மெஷினைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்குக்கு மருத்துவமனை ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தது. அதை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாராம்.

"மாட்டட்டும்" என்றாள். சிரிக்கிறாளோ என்று பார்த்தேன், இல்லை. "இவர் மோதிரத்தை வெச்சிருந்தது தங்கச்சிக்குத் தெரியாது சார். தெரியவும் வேணாம். தெரிஞ்சா அவளுக்கு அக்கா வீடுன்னு ஒண்ணு இருக்காது. அம்மா அப்பா இல்லாதவ, வேற எங்க போவா?"

அவள் போன பிறகு லட்சம், பாவம் நல்ல மனிதர் அந்த மெக்கானிக் என்றான். ஆமாம் என்றேன்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தங்கை வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், சலவைப் பிரிவின் மேலங்கியோடு. அக்காவைவிடப் பத்து வயது குறைவு, அதே நெற்றி. யாரென்று சொல்லாமலே தெரிந்தது. நன்றி சொல்லத்தான் வந்தேன் என்றாள், சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். பிறகு மேசை மேல் இருந்த பல்குச்சி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லட்சத்தை டீ வாங்க அனுப்பினேன். இந்த முறை அவன் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே.

அன்றைக்கு மோதிரத்தை அவள் உள்ளங்கையில் வைத்துத்தான் தலைவர் மன்னிப்புக் கேட்டாராம். கூடவே டிரம்மிலிருந்து விழுந்த பொத்தானும் காசும் ஒரு கிண்ணத்தில் இருந்தனவாம். ஆறு மாதம் திருடி என்ற பேரோடு இருந்தவளுக்கு அந்த மோதிரத்தை ஒரு தடவை நன்றாகப் பார்க்கத் தோன்றியிருக்கிறது. பார்த்திருக்கிறாள்.

"கிண்ணத்துல இருந்தது எல்லாம் பஞ்சடைச்சுக் கிடந்துச்சு சார். பொத்தான் ஓட்டைல கூடப் பஞ்சு. மோதிரம் மட்டும் குளிச்சிட்டு வந்த மாதிரி இருந்துச்சு."

என் கை மேசை மேலேயே இருந்தது, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக எதையும் நோண்டாமல் விட்டதில்லை இந்தக் கை. நோண்டக் கூடாத ஒன்றைக்கூட விடவில்லை என்பதை ஒரு சலவைக்காரப் பெண் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது.

அவள் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. மோதிரத்தை யார் சுத்தம் செய்தது என்றும் கேட்கவில்லை. அது மாமா வேலைதான் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டிருந்தாள், அதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். மாமா மேல் தனக்குப் பெரிதாக வருத்தமில்லை என்றாள். அவர் அப்படித்தான், குழாய் உடைந்தால்கூட யாராவது கேட்கும்வரை சொல்லமாட்டார். பிறகு பையிலிருந்து அந்த நாணயத்தை எடுத்தாள். காகிதக் கைக்குட்டை இல்லை, வெறுமனே வைத்திருந்தாள்.

"இதை அக்கா குப்பைக் கூடைல போட்டிருந்தா. நான்தான் எடுத்து வெச்சேன். இது செல்லும்னு நீங்க சொன்னதா அவளே சொன்னா. செல்ற காசை எதுக்கு சார் குப்பைல போடணும்?"

அக்கா ஒரு பைசாவை வீணாக்குகிறவள் இல்லை. சொட்டுகிற குடையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறவள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். அக்காவுக்குத் தெரியுமா?"

அவள் இதற்குத்தான் வந்திருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது, பேரும் திரும்பி வந்துவிட்டது, அதெல்லாம் அவளுக்கு இப்போது இரண்டாம் பட்சம். தன்னைத் திருடி என்று உலகம் சொன்னபோது கூடவே நின்ற ஒருத்தி, உண்மை தெரிந்த பிறகும் அதை மூடி, அதன் மேல் ஒரு கடிகாரத்தையும் மாட்ட விட்டிருக்கிறாளா என்பதுதான் அவளுக்கு வேண்டும். எனக்குத் தெரியும். இதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் அக்கா அதைச் சொன்னாள். எதற்காக என்றும் சொன்னாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. நான் நாணயத்தைப் பார்க்கிற மாதிரியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது" என்றேன். "உங்க அக்காவுக்கு எதுவும் தெரியாது. அவங்க வந்து கேட்டது காசைப் பத்தி மட்டும்தான்."

அவள் நாணயத்தின் மடிந்த ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு தலையை ஆட்டினாள். கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள். எதற்குக் கட்டணம், நான் எதையும் பார்க்கவில்லையே என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னீர்களே என்று நோட்டை எடுத்துத் தட்டில் வைத்தாள். கட்டணத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. ஓரம் மடிந்த அந்த நாணயத்தை அதன் மேல் வைத்தாள்.

"இது செல்லும்ல சார்?"

"செல்லும்" என்றேன்.

"அக்காவும் அப்படித்தான் சொன்னா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். படியில் டீயோடு வந்த லட்சத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, பிறகு மெதுவாக இறங்கிப் போனாள்.

லட்சம் டீயை வைத்துவிட்டுத் தட்டிலிருந்த நாணயத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அத்தான், இது அந்தக் காசு இல்லையா, விற்றிருக்கலாமே என்றான். அதை அங்கேயே வைக்கச் சொன்னேன். இன்னும் தட்டில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் இது என்ன காசு, எப்படி இப்படி ஆனது என்று கேட்கிறார்கள். அதற்கு மட்டும் நான் காரணம் சொல்வதில்லை.